பிரிக்கிற பின், பிரிக்காத பின்

இன்று காலை வில்லாபுரத்தில் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடை.

ரேஷன் கார்டில் என் மனைவி விஜியின் பெயரை நீக்க விண்ணப்பம், கூடவே அவளுடைய இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல். சேர்த்துப் பின் அடித்துத் தரச் சொன்னேன்.

கடைக்காரம்மா கேட்டார்: "பிரிக்கிற மாதிரி அடிக்கவாண்ணே, பிரிக்காத மாதிரியா?"

"அப்படின்னா?" என்றேன்.

ஸ்டேப்ளரின் அடியில், பின் வந்து மடங்குகிற குட்டித் தகட்டை அழுத்தி அரைவட்டமாகத் திருப்பினார். அடித்தார். பின்னின் இரண்டு கால்களும் உள்ளே வளையாமல் வெளிப்பக்கமாகப் படுத்திருந்தன.

"தாலுகா ஆபீஸ்ல பிரிச்சுத்தான் ஸ்கேன் பண்ணுவாக. இப்பிடி அடிச்சா இழுத்ததும் வந்துரும், தாளு கிழியாது."

"இப்படி ஒண்ணு இருக்கா?"

"என்னண்ணே, இம்புட்டு வருசம் ஆபீஸ்லதான இருந்தீக?"

இருந்தேன். இருபத்தெட்டு வருடமும் பிரிக்காத மாதிரியேதான் அடித்திருக்கிறேன்.

தாலுகா அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் லேசாக இழுத்தார், பின் வந்துவிட்டது. தாள் கிழியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் கிடந்த பழைய ஸ்டேப்ளரை எடுத்து அழுத்திப் பார்த்தேன். அதிலும் தகடு சுற்றியது. "இங்க பாரேன் விஜி" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு ஸ்டேப்ளரும் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் ஆள் இருந்தால், முதலில் அவர்களிடம் காட்டிவிட்டு வாருங்கள்.