என் கணவர் கட்டிய டிராக்டர்

என் கணவர் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பஸ்களைப் பழுது பார்க்கும் கொட்டகை. பல வருடம் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததில் எந்திர வேலை முழுவதும் தனக்குப் பிடிபட்டுவிட்டதாக அவர் முடிவு செய்துகொண்டார். சமையலறை வாசலில் படுத்துக் கிடக்கும் பூனை, எனக்கும் ரசம் வைக்கத் தெரியும் என்றால் எப்படி இருக்கும்? பூனையாவது வாயைத் திறந்து சொல்லாது.

சுதந்திரம் வருவது உறுதியாகிவிட்ட காலம் அது. மலாக்காவில் கோப்பிக் கடைக்குக் கடை ஆண்கள் உட்கார்ந்து நாட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போகும் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் எல்லா மேசையிலும் பேச்சு. என் கணவர் தன் பங்குக்கு டிராக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"துரைமாருங்க போயிட்டா டிராக்டர் யாரு கொண்டு வருவா? நாமதான் செய்யணும்," என்றார் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"நாமன்னா யாரு?"

"நான்தான்."

"குளிக்கிற ரூம்பு தாழ்ப்பாள் ஆடிக்கிட்டே கெடக்கு. மொதல்ல அதைச் செய்ங்க."

பெரிய காரியத்தில் இறங்கும் ஆண்களுக்குத் தாழ்ப்பாள் கண்ணில் படாது.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. அதில்தான் விறகு அடுக்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகெல்லாம் வெளியே வந்தது, பழைய இரும்பெல்லாம் உள்ளே போனது. அந்த மழைக்காலம் முழுதும் நான் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தேன். அவருடைய நட்டும் போல்ட்டும் மட்டும் நனையாமல் சௌக்கியமாக இருந்தன.

சண்டைக்காலத்தில் பட்டாளம் விட்டுப்போன ஜீப் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. ஒருவரும் சீந்தாத பொருளைத் தேடி ஓர் ஆள் வந்ததும் கடை முதலாளியான தவுக்கே நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கோப்பி வாங்கிக் கொடுத்தாராம். "என் மேல அவருக்கு ரொம்ப மரியாதை," என்று வீட்டுக்கு வந்து பெருமைப்பட்டார் இவர். ஜீப்பை வாங்கி வந்து அதன் சட்டத்தை நடுவில் அறுத்துக் குட்டையாக்கினார். இரும்பைக் காய்ச்சி ஒட்டுவதற்குப் புக்கிட் பாருவிலிருந்து ஒரு சீனர் சைக்கிளில் வருவார். இவர் எங்கே ஒட்டச் சொன்னாரோ அங்கே ஒட்டுவார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார், கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். கேட்டிருந்தால் என் கணவர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பார் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சை மாட்டியபோதுதான் வினை நடந்தது. குட்டையாக்கிய சட்டத்தில் அது நேராகப் பொருந்தவில்லை. தலைகீழாகத் திருப்பினால் வாகாக உட்கார்ந்தது. அப்படியே முறுக்கிவிட்டார். இப்போது எண்ணெய் நிரப்பும் ஓட்டை அடிப்பக்கம் வந்துவிட்டது. எண்ணெய் ஒழுகியது. ஒழுகினால் ஏன் ஒழுகுகிறது என்று நின்று யோசிக்க வேண்டாமா? அவர் ஒரு மரத்துண்டைச் சீவி, நான் துணி துவைக்கும் சவுக்காரத்தைத் தடவி, ஓட்டைக்குள் வைத்து அடித்தார். அடித்துவிட்டு, "பார்த்தியா மூளை?" என்று என்னைக் கேட்டார்.

இதற்கிடையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சாமான்கள் வேறு. லாரி ஸ்பிரிங் பட்டைகளை என் அடுப்புக்கரியில் காய்ச்சி வளைத்து ஒரு கலப்பை. மண்ணைச் சமன் செய்ய ஒரு பலகை. மூட்டை ஏற்ற ஒரு பெட்டி. சீட்டுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கம்பி. அதை இழுத்தால் கலப்பை தூக்கிக்கொள்ளுமாம். வண்டி ஓர் அடி நகர்வதற்கு முன்பே அதற்கு ஒரு குடும்பம் தயாராகிவிட்டது. 

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்காச் செட்டி அம்மாள் இருந்தார். சாமி நம்முடைய சாமி, பேச்சு மட்டும் மலாய். துணி காயப்போடும்போதெல்லாம் கொட்டகையைப் பார்த்து, "சுடா சியாப் கா?" என்பார். முடிந்துவிட்டதா என்று கேட்கிறாராம். "பெலும்," இன்னும் இல்லை, என்பேன். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு மலாய் நன்றாகப் பழகிவிட்டது.

கடைசியில் ஒருநாள் வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி எஞ்சினை முடுக்கினார். கொட்டகை முழுதும் புகை. பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. அவர் குதித்தார். செட்டி அம்மாள் கைதட்டினார். சக்கரம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் கணவரின் அண்ணன் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். ஆட்களை விரட்டியே பழகியவர் என்பதால், தன் கையால் எதையும் செய்யாமலே எல்லாம் தெரிந்தவராக வாழ்ந்தார். அவர் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். இடுப்பளவு லாலான் புல். வெட்ட வெட்ட முளைக்கும், எரித்தால் இன்னும் செழிப்பாக வரும். "ஒன் டிராக்டரை அங்க கொண்டு வா, பாப்போம்," என்றார் தம்பியிடம். சாலையில் ஓட்ட வண்டிக்கு நம்பர் கிடையாது. அதனால் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அண்ணன் தன் கூட்டாளிகளை வரவழைத்திருந்தார். மர நிழலில் மேசை, மேசைமேல் தேத்தண்ணீர், வாழைக்காய் பொரியல். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பதுபோல எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு நின்றார்கள். என் கணவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கையை ஆட்டினார்.

"யாரும் முன்னால நிக்காதீங்க! ஆபத்து! எல்லாரும் பின்னால வந்து நில்லுங்க. உழுதுகிட்டுப் போறதைப் பின்னால இருந்து பார்த்தாத்தான் நல்லா தெரியும்!"

கூட்டம் முழுவதும் பின்னால் போய் நின்றது. மேசையையும் தூக்கிப் பின்னால் வைத்தார்கள்.

முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் வந்தது.

தவறிப்போய் ரிவர்ஸில் போட்டுவிட்டோம் என்று நினைத்தார் போல. நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். இரண்டாவது கியரைப் போட்டார். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. கலப்பை மேசையை மோதிக் கவிழ்த்தது, தேத்தண்ணீரும் பொரியலும் லாலானில் கொட்டின, வெள்ளைச் சட்டைகள் நாலாபக்கமும் ஓடின. மண்டோராக இருந்த அண்ணன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். வண்டி நேரே போய், நிலத்தின் ஓரத்தில் இருந்த கோழிக்கூண்டை இடித்துக்கொண்டு கால்வாயில் பின்பக்கமாக இறங்கி நின்றது. என் கணவர் வானத்தைப் பார்த்தபடி சீட்டிலேயே சாய்ந்து கிடந்தார். அடி ஒன்றும் படவில்லை. அதை மட்டும் உறுதி செய்துகொண்டேன்.

அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கால்வாய் ஓரம் வந்து எட்டிப்பார்த்தார்.

"டேய் தம்பி! இது டிராக்டர் இல்லடா, இறாலு! பின்னாலயே போவுது!"

அவ்வளவுதான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் இறால் மாதிரி குனிந்து பின்னால் நடந்து காட்டினார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்திருக்க வேண்டும். இத்தனை நாள் ஈர விறகை ஊதியவள் நான். சிரிக்க உரிமை இருந்தால் அந்த இடத்தில் எனக்குத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. அந்தப் பற்களைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. இவர்களில் ஒருவராவது ஒரு சுத்தியலுக்குக் கைப்பிடி போட்டிருப்பாரா? வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட வேறொருவனைக் கூப்பிடுகிறவர்கள். என் கணவர் முட்டாள்தனமாகவாவது ஒன்றைச் செய்தார். இவர்கள் முட்டாள்தனத்தைக்கூடச் சொந்தமாகச் செய்ய முடியாதவர்கள்.

"மாமா," என்றேன் அவர் அண்ணனிடம். "சிரிச்சு முடிச்சாச்சுன்னா ஒரு கயிறு கொண்டாங்க."

"என்னம்மா கோவமா?"

"கோவம் என்ன? வண்டியை இழுக்கணும். எல்லாரும் சும்மாதானே நிக்கிறீங்க."

கயிறு வந்தது. நான் சேலையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்த பிறகு வெள்ளைச் சட்டைகளுக்கும் வேறு வழி இல்லை. சேறு அப்பிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். அது மட்டும் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

லாரியில் திரும்பி வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் ஆள் பேசாமல் இருந்தது என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கொல்லையில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"அச்சைத் தலைகீழா மாட்டிட்டேன். அதான் முன்னால போற கியரெல்லாம் பின்னால போவுது. தப்பு என்னுதுதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. மனசு இளகிப்போய் நல்ல மீன் குழம்பாக வைத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் வேலியோரம் செட்டி அம்மாளிடம் அவர் மலாயில் விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நேற்று நடந்தது சோதனை ஓட்டமாம். பின்னால் போகும்போது வண்டிக்கு எவ்வளவு பலம் என்று வேண்டுமென்றே பார்த்தாராம். குழம்பில் மிச்சம் இருந்ததை எடுத்துப் பூனைக்கு வைத்துவிட்டேன்.

ஆனால் கழற்றி மாட்டினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். சட்டத்தை மறுபடியும் அறுத்து, சீனரை மறுபடியும் வரவழைத்து, அச்சை நேராக உட்காரவைத்தார். வண்டி முன்னால் போனது. முக்கியது, முனகியது, ஆனால் முன்னால் போனது. அடுத்த தெருக்காரர் ஒருவருடைய காலி நிலத்தை உழுதும் கொடுத்தார். சால் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனாலும் லாலான் வேரோடு புரண்டு கிடந்தது.

செய்தி பத்து பெரெண்டாமுக்கு எட்டியிருக்கிறது. ஒருநாள் அண்ணன் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

"தம்பி இல்லையாம்மா?"

"வேலைக்குப் போயிருக்காரு. என்ன மாமா?"

"இல்ல... அந்த வண்டி சும்மாதானே நிக்குது..."

"எந்த வண்டி? இறாலா?"

அவர் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "அதெல்லாம் ஒரு தமாசுக்குச் சொன்னதுலா. மனசுல வச்சுக்கலாமா? நீ கேட்டுச் சொல்லு."

நான் கேட்கவில்லை. சாயங்காலம் இவரே தெரிந்துகொண்டு வந்து நின்றார். அண்ணன் கோப்பிக் கடையில் பிடித்திருக்கிறார். "பாவம், அண்ணன் வீடு தேடி வந்திருக்காரு," என்றார், முகமெல்லாம் பல்லாக.

"ஒங்களுக்கு ரோசமே கிடையாதா?"

"ரோசம் எதுக்கு? நெலம் காய்ஞ்சு கெடக்கு. வண்டி இருக்கு."

அடுத்த ஞாயிறே மறுபடியும் லாரி பிடித்துக்கொண்டு போனார். நானும் போனேன். தனியாக விட்டால் என்ன கூத்து நடக்குமோ என்றுதான். இந்தத் தடவை நிலம் முழுவதையும் உழுது முடித்தார். அண்ணன் வரப்பில் நின்று, "அந்தப் பக்கம்! இந்தப் பக்கம்! இன்னும் ஆழமா!" என்று மண்டோர் வேலை பார்த்தார். வழியில் போகிறவர்களிடம், "நம்ம வீட்டு டிராக்டருங்க. நாங்களே செஞ்சது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் அதைக் கேட்டும் கேட்காதவர்போல் இளித்துக்கொண்டு உழுதார். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அந்த நிலத்தில் மரவள்ளி போட்டார்கள். விளைந்ததும் நன்றிக்கடனாக ஒரு மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. முற்றிப்போன கிழங்கு. உள்ளே முழுக்க நார். நாள் முழுக்க அடுப்பில் கிடந்தும் வேகவில்லை. என் கணவர் மட்டும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, இப்படி ஒரு கிழங்கைத் தான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றார்.