இடது கண் படித்த கடைசி வரி

1. டிரம்

ரிஃப்ராக்‌ஷன் அறையில், அதாவது கண் பவர் பார்க்கும் இடத்தில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் காட்டியது ஆறு மீட்டர் தள்ளிச் சுவரில் மாட்டியிருந்த விளக்கு டிரம்மை. அதற்கு நான்கு பக்கம். ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என்று மூன்று பக்கத்தில் எழுத்துகள் இருக்கும், கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். நான்காவது பக்கத்தில் எழுத்து கிடையாது. மூன்று கால் உள்ள ஒரே உருவம் மேல், கீழ், இடம், வலம் என்று மாறி மாறி நிற்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது. கால் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், கைநாட்டு. நான்காவது பக்கத்தைப் பார்த்ததும் அவர் ஞாபகம் வந்தது. உடனே டிரம்மை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்று யோசிக்கவில்லை.

எங்களுடையது லேசர் கிளினிக். கண்ணாடியைக் கழற்ற நினைக்கும் சாஃப்ட்வேர் பையன்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலம் படித்தவர்கள். அதனால் டிரம் வருடக்கணக்கில் ஆங்கிலப் பக்கத்திலேயே நின்றது.

2. ஸ்டேபிள்

ரெஜினா அக்கா தூத்துக்குடிக்காரர். இங்கே தெலுங்குப் பக்கம் பட்டான்செருவில் ஊசி மருந்து செய்யும் கம்பெனியில் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மருந்துக் குப்பியை விளக்கின் முன்னால் கறுப்புப் பலகையில் ஒரு தடவை, வெள்ளைப் பலகையில் ஒரு தடவை சுழற்றிப் பார்த்து, உள்ளே தூசியோ நாரோ மிதந்தால் ஒதுக்க வேண்டும். மாஸ்க் போட்டால் கண்ணாடி பனிமூட்டமாகிவிடுகிறது என்றுதான் லேசர் செய்துகொண்டார். அந்த வேலையில் இருப்பவர்கள் வருடா வருடம் கண் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். லேசருக்குப் பிறகு வருடம் ஒரு முறை நாங்கள் பார்க்கும் ரிவ்யூவின் தாளையே கம்பெனி ஏற்றுக்கொண்டது.

டாக்டர் தன் நோயாளிகளின் ஐந்து வருட ரிசல்ட்டைத் தொகுத்துக்கொண்டிருந்தார். ரிவ்யூவுக்கு வருபவர்களுக்குப் பார்வை பார்த்து, டோப்போகிராஃபியும் எடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. டோப்போகிராஃபி என்றால் கருவிழியின் மேடு பள்ளத்தை வண்ணத்தில் காட்டும் வரைபடம். ஆனால் அந்த மெஷின் முன்னால் எப்போதும் புதுக் கேஸ்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கடைசி வரியைப் படித்துவிட்டால் 6/6, அதாவது முழுப் பார்வை; அப்படியானால் டோப்போ வேண்டாம், மாற்றமில்லை என்ற அர்த்தத்தில் ‘ஸ்டேபிள்’ என்று எழுதி அனுப்பிவிடுவது. டாக்டருக்குத் தெரியாது. நானும் அதைப் பெரிய தப்பாக நினைக்கவில்லை.

மூன்றாம் வருடம் அக்கா நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரித்தார்.

“என்ன தம்பி, இன்னும் அதே போர்டுதானா? நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவேன் பாத்துக்கிடுங்க.”

நானும் சிரித்தேன். வலது கண், கடைசி வரி. இடது கண், அதே கடைசி வரி. 6/6, 6/6.

நான்காம் வருடம், ஸ்கூட்டியில் திரும்பும்போது எதிரே வரும் லைட்டுக்கெல்லாம் வால் முளைத்த மாதிரி இருக்கிறது என்றார். கண் வறட்சி என்று எழுதி, டாக்டரிடம் சொட்டு மருந்துக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பார்வை 6/6. ஸ்டேபிள்.

3. கை

ஐந்தாம் வருட ரிவ்யூ அன்று காலையில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கண்ணில் புரை. முதல் ஆளாக அவரை உட்கார வைத்து, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக டிரம்மை நான்காவது பக்கத்துக்குத் திருப்பினேன். பூச்சு வேலையில் காய்த்துப்போன கையை அவர் மேலும் கீழும் காட்டினார். “இது கீழ பாக்குது. இது... தெரிலபா” என்றார். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். ரெஜினா அக்கா. டிரம்மைத் திருப்ப மறந்துபோனேன்.

“எனக்கு எழுத்து மறந்துபோச்சுன்னு நெனச்சீங்களா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே வலது கண்ணால் கடைசி வரிவரை கையைக் காட்டினார். இடது கண்ணுக்கு மாற்றினேன். நான்காவது வரியில் கை நின்றுவிட்டது.

“இதுக்கு மூணு காலா, ஆறு காலா? ஒண்ணு மேல ஒண்ணு நிக்கி.”

நான் நம்பவில்லை. ஆங்கிலப் பக்கத்துக்குத் திருப்பினேன். அதே இடது கண்ணால் கடைசி வரியை மளமளவென்று சொல்லிவிட்டார். மறுபடி நான்காவது பக்கம். கை தடுமாறியது. மடியில் இறக்கிவிட்டார்.

அன்று டோப்போகிராஃபி எடுத்தேன். இடது கருவிழியில் நடுவுக்குக் கீழே சிவப்பாக ஒரு மேடு. எக்டேசியா. லேசருக்குப் பிறகு வெகு சிலருக்குக் கருவிழி பலம் இழந்து முன்னால் பிதுங்கும். வருடங்கள் கழித்தும் வரலாம். டாக்டர் ஆபரேஷனுக்கு முந்தைய படத்தை எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். அதில் குறை ஒன்றும் இல்லை. பிறகு நடுவில் எடுத்த படங்கள் எங்கே என்று கேட்டார். நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் நீயே போய்ச் சொல் என்றார்.

C3R செய்யலாம், சொட்டு மருந்து விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குவது. இனிமேல் கெடாமல் நிறுத்தும். போனது முழுதாகத் திரும்பாது. கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போட்டால் ஓரளவு தெரியும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் செய்ததையும் சொன்னேன்.

அக்கா தன் பழைய ரிவ்யூ தாள்களைப் புரட்டினார்.

“இந்த நாலு வருசமும் நீங்கதான எழுதுனீங்க?”

“ஆமாக்கா.”

“எனக்குத் தெரியல தம்பி. வலது கண்ணு பாத்தத வாய் சொல்லிருச்சு, கண்ணு தெரியுதுன்னே இருந்துட்டேன். ஆனா நான் பாத்துச் சொல்லுதேனா, மனப்பாடமா சொல்லுதேனான்னு பாக்கத்தான உங்கள அங்க உக்கார வச்சிருக்கு?”

தாள்களை என் பக்கம் தள்ளினார்.

“நான் பாத்து அனுப்புன குப்பியெல்லாம்?” என்றார் பிறகு. அந்தக் கேள்வி என்னை இன்றும் விடவில்லை. வலது கண் நன்றாக இருந்ததே என்று சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

மறுநாளே கம்பெனியில் தானாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து எடுத்து டாக்குமெண்ட் செக்‌ஷனில் போட்டார்கள். C3R நடந்தது. மேடு அதோடு நின்றது.

4. பட்டியல்

பழைய ரிவ்யூ ரிஜிஸ்டரை எடுத்து, நான் ‘ஸ்டேபிள்’ என்று எழுதிய எல்லோருக்கும் போன் செய்தேன். பெங்களூர், அமெரிக்கா என்று போனவர்கள் போக மீதிப் பேர் வந்தார்கள். இந்தத் தடவை டிரம் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பக்கம் திரும்பியது. பார்வை எப்படி இருந்தாலும் டோப்போ எடுத்தேன். எல்லோருக்கும் நன்றாகவே இருந்தது. அது அவர்களுடைய அதிர்ஷ்டம். என் வேலையில் அதற்குப் பங்கில்லை.

புதிதாக இந்த அறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். வலது கண் படித்து முடித்ததும், மூடியிருக்கும் இடது கண்ணைத் திறப்பதற்குள் டிரம்மைத் திருப்புங்கள். நோயாளி விளையாட்டாகச் சொல்வதையும் தாளில் எழுதுங்கள்.

டாக்டர் ஐந்து வருட ரிசல்ட் பட்டியலை முடிக்கும் முன் ரெஜினா அக்காவின் வரியைத் திருத்தச் சொன்னார். இடது கண்ணுக்கு நான் எழுதிய 6/6-களைச் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் வருடத்துக்கு எழுத என்னிடம் அளவு இருந்தது. முந்தைய வருடங்களில் அந்த இடது கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கட்டங்களைக் காலியாக விடலாமே என்றார் பக்கத்து அறைக்காரர். நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். நான்கு கட்டத்திலும் ‘தெரியாது’ என்று எழுதினேன்.