அந்துவான் முசியே பூட்டிய கோயில்

இந்த வருடத் திருவிழாவில் சாட்சி சொல்லும்படி கோயில் கமிட்டியிலிருந்து கேட்டார்கள். என்ன சொல்ல வேண்டும் என்றும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்கிறேன், பிரியமானவர்களே. பொறுமையாகக் கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் சவரிராஜ் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்லீரலில் புற்றுநோய். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். எங்கள் பெண் ஆக்னஸுக்கு அந்த வருடத் திருவிழா அன்று புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அதுவரைக்குமாவது அவரை விட்டுவை ஆண்டவரே என்று வராந்தாவில் முட்டி போட்டு அழுதேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

அவரும் படுக்கையில் செபமாலை உருட்டிக்கொண்டுதான் இருந்தார். தனக்காக இல்லை. உப்பளம் பகுதியில் எங்கள் தெரு மாதா கோயிலின் கூரைக்காக. உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? கமிட்டித் தலைவர் அந்துவான் முசியேவும் இப்படித்தான் சிரித்தார்.

என் வீட்டுக்காரர் ஆர்க்கிடெக்ட். ஊரில் எத்தனை பெரிய வேலை இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையை விடமாட்டார். சாயங்காலச் செபத்துக்கு வீட்டில் இருப்பார். ஆக்னஸுக்குத் தலை பின்னும் வேலையை எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். ஸ்கேல் வைத்த மாதிரி வகிடு எடுப்பார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் விசுவாசம் இல்லாதவர் என்று இந்தத் தெரு சொன்னது.

அந்தக் கோயில் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், அதன்மேல் தேக்கு உத்தரம். அந்துவான் பிரெஞ்சு பென்ஷன்காரர்; முசியே என்று பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டால்தான் திரும்புவார். பாரிசில் மகன் வீட்டில் கொஞ்ச நாள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்தார். வரும்போது கட்டடக் கலையையும் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிட்டார் போலிருக்கிறது. சுவர் உதிர்கிறது என்று வெளியே சிமெண்டைப் பூசினார். உள்ளே பாத்ரூம் டைல்ஸை ஒட்டினார். மேலே கான்கிரீட் போட்டு, ஆள் உயரத்தில் ஒரு மாதா சுரூபத்தையும் ஏற்றினார்.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று கெஞ்சினார். சுண்ணாம்புச் சுவருக்குக் காற்றாட வேண்டும், சிமெண்டைப் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், சுவருக்குள் இருக்கிற உத்தரத்தின் நுனி இற்றுப்போகும், பாரம் தாங்காது என்று விளக்கினார். அதற்கு அந்துவான் சொன்ன பதில் இது.

"உம்மகிட்ட ட்ராயிங்தான் இருக்கு, விசுவாசம் இல்ல. மாதா வீட்ட மாதா பாத்துக்குவா."

கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வேறு என்ன தெரியும்?

புதுநன்மை எடுக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் அந்தக் கூரைக்குக் கீழே, முதல் பெஞ்சுகளில்தான் பயிற்சி. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருத்தரும் அசையவில்லை. முசியேவைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயில் சாவி கிடைக்காதாம். பிள்ளையைவிடச் சாவி பெரிது! ஆக்னஸை மட்டும் நிறுத்திவிட்டு, இவர் நிம்மதிப்படுவார் என்று ஆஸ்பத்திரியில் வந்து சொன்னேன்.

"நம்ம பிள்ளைய நிறுத்திட்ட, சரி. மத்த பிள்ளைங்க தல என்ன இரும்பா?" என்றார். திரும்பவும் செபமாலையை எடுத்துக்கொண்டார்.

நான் கேட்டது கிடைக்கவில்லை. திருவிழாக் கொடி ஏறும் முன்பே அவர் போய்விட்டார். அடக்கப் பூசைக்குக் கோயிலைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். அந்துவான் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம்.

"இந்தக் கோயில கொற சொன்னவருக்கு இங்க எதுக்குப் பூசை? வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

உடம்பைக் கூடத்தில் வைத்துக்கொண்டு இந்த வார்த்தையைக் கேட்டேன். மாதாவையே ஏசினேன். ஒளிக்க மாட்டேன். உன் வீட்டுக்காகச் செபித்துக்கொண்டே உயிரை விட்டவனுக்கு உன் வீட்டுக் கதவு திறக்காதா என்று கேட்டேன்.

பங்குச் சாமியார் தெருவிலேயே பந்தலில் பூசை வைத்தார். கோயில் பூட்டியிருந்ததால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. ஞானோபதேச டீச்சர் பிள்ளைகளை எல்லாம் எங்கள் பந்தலுக்கே பாடக் கூட்டிவந்தார். அப்படியே கல்லறைத் தோட்டம் வரைக்கும் மழையில் நனைந்துகொண்டு பாடிக்கொண்டே வந்தார்கள். நாங்கள் கைமண் போட்டுக்கொண்டிருந்தபோது உபதேசியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். கோயில் கூரை விழுந்துவிட்டது. சுரூபம் முதல் பெஞ்சுகளை நொறுக்கிக்கொண்டு கிடக்கிறது. உள்ளே ஒருத்தரும் இல்லை.

 குழிக்குள் படுத்திருந்தவர் பிள்ளைகளுக்காகக் கேட்டது கிடைத்துவிட்டது.

இப்போது கமிட்டி சொல்லச் சொன்ன கதைக்கு வருகிறேன். அன்றைக்கு மாதாவே அந்துவான் முசியேவின் மனதில் பேசிக் கோயிலைப் பூட்டச் சொன்னாராம். அந்தப் புதுமைக்குத்தான், அந்த அற்புதத்துக்குத்தான் நான் சாட்சியாம். பூட்டியது அவர்தான், மறுக்கவில்லை. செத்தவன்மேல் இருந்த வன்மத்தில் பூட்டினார். ஆண்டவர் அதையும் எடுத்து உபயோகித்துக்கொண்டார். வேதத்தில் ஒரு கழுதையின் வாயாலேயே பேசியவர்தானே நம் ஆண்டவர். அந்தக் கழுதை யாரிடமும் மாலை கேட்டு நின்றதாக நான் கேள்விப்படவில்லை. முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிற முசியே கோபப்பட வேண்டாம். புதுமை நடந்தது உண்மை. அதில் உமக்குப் பங்கு இல்லை, அவ்வளவுதான்.

"அப்பா கேட்டத குடுத்த சாமி, நீ கேட்டத ஏம்மா குடுக்கல?" என்று ஆக்னஸ் கேட்டாள்.  அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அப்பாவின் செபமாலையைக் கையில் கொடுத்தேன். முன்பு என் வீட்டுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நான், இப்போது தெருவில் உள்ள எல்லார் பெயரையும் சொல்லிக் கேட்கிறேன். ஒரு பெயரை மட்டும் சொல்லாமல் தாண்டிக்கொண்டிருந்தேன்.

புதுநன்மை பிறகு பந்தலில்தான் நடந்தது. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எல்லாத் தலையும் இருந்தது. கடைசியாக வந்தவன் அந்துவானின் பேரன். தினமும் பயிற்சியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை. இந்தத் தலையையும் சேர்த்துத்தானே என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் அந்துவான் பெயரையும் சொல்லிச் செபித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். சொன்னேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். பிடிக்காதவன் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஆண்டவருக்கு நன்றி.