அம்மா வாயில் வராத பெயர்

எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னை முறத்தோடு குப்பைமேட்டில் கிடத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெயர் குப்பு. வேண்டாமென்று வீசிய பிள்ளையை எமன் சீந்த மாட்டானாம்.

அப்பா கட்சிக் கூட்டமென்றால் சோற்றைப் பாதியில் விட்டு ஓடுகிறவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது 'அரசி' என்று எழுதிவிட்டு வந்தார். அம்மா அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "சத்தமாச் சொல்லாதீங்க, அவன் காதுல விழுந்துறப் போவுது" என்பாள். அவன் என்றால் எமன்தான்.

அம்மா குப்பு என்றால் எனக்கு இனிக்கும். பண்ணைக் காரியக்காரர் வாயில் அது 'ஏ குப்பை' ஆகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு நடவுக்குப் போன முதல் வருஷம் அது. கூலிச் சண்டை அப்போதுதான் ஓய்ந்து, நாங்கள் கேட்டதில் பாதியாவது கிடைத்திருந்தது. காரியக்காரருக்கு அந்தக் கடுப்பு. வரப்பில் குடையோடு நின்று, "ஏ குப்பை, நாத்து முடி ரெண்டு எடுத்துப் போடு" என்றார். நான் நிமிரவில்லை. மறுபடி கத்தினார்.

"எம்பேரு அரசிங்க" என்றேன், நட்டுக்கொண்டே.

"அடேயப்பா! அரசிக்குச் சேத்துல என்ன வேலை? ஒங்க ஆத்தாளே குப்புன்னுதான கூப்புடுறா? அவ வாயால அரசின்னு சொல்லட்டும், நானும் சொல்றேன். இல்லேன்னா கரையேறு."

நடவுப் பெண்கள் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். பாவம், அவள் எங்கே சொல்லப்போகிறாள்! நானே சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு கரைப் பக்கம் நடந்தேன்.

"அரசி!"

வயலே திரும்பிப் பார்த்தது. அம்மாதான்.

"எங்கடி போற? எறங்கி நடு."

காரியக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அரசி, நாத்த எடு" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா அப்புறம் நாலு நாற்றுக்கு ஒருதரம் என்னை நிமிர்ந்து பார்த்தபடி நட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நான் சோறு தின்னும்போது என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"குப்பு, ஒனக்கு ஒண்ணும் பண்ணலியே?"