தூம்பு வழிகிறவரை

பிளீச்சிங் பவுடர் வாசனை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். நேற்றுக் காலை கோம்பைக் கடைவீதியில் சிமென்ட் தளம் போடத் தோண்டியவர்கள் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். வீதி முழுக்க அந்த நெடி. வியாபாரிகளும் ஆட்டோக்காரர்களும் கோயில்காரர்களும் சேர்ந்து வீதியைச் சீர்ப்படுத்துகிறார்களாம். உடைத்தது யார் என்று சேர்ந்தே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன். இதே இடத்தில், இதே மாதிரி ஒரு சத்தத்தின் நடுவே, வாயைத் திறக்காமல் ஒரு பகல் முழுக்க நான் நின்றிருக்கிறேன்.

அந்த நெடி முதன்முதலில் என் மூக்கில் ஏறியது ஒரு தகர டின்னிலிருந்து. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். ஊருக்குள் வாந்திபேதி வந்து போயிருந்தது. கிணற்றில் போடச் சொல்லிச் சர்க்கார் கொடுத்திருந்த அந்தத் தூளைப் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் வைத்துப் பூட்டியிருந்தோம். சாவி என் அரைஞாணில் தொங்கும். மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு, மெட்ராஸில் வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி, வாசகசாலைக்குக் காரியதரிசியாக இருந்தேன். வேலையில்லாத பி.ஏ.வுக்கு அந்தக் காலத்தில் காரியதரிசி என்று பெயர்.

வாந்திபேதி பயத்தில்தான் நான்கு கூட்டம் ஒன்றாக உட்கார்ந்தது. கோயில் கமிட்டிக்குப் பெரிய கவுண்டர், வியாபாரிகளுக்கும் பள்ளிவாசலுக்குமாக ஜவுளிக்கடை ராவுத்தர், வண்டிக்காரர் சங்கத்துக்குச் சின்னமாயன், வாசகசாலைக்கு நான். யார் இடத்துக்கு யார் போவது என்ற பேச்சே வரக்கூடாதென்று காலியாகக் கிடந்த சந்தைக் கொட்டகையில் கூடுவோம். கவுண்டர் வீட்டிலிருந்து காப்பி வரும், ராவுத்தர் வீட்டிலிருந்து தேயிலைத் தண்ணீர் வரும். ஒன்றைக் குடித்து மற்றதை விட்டால் மனஸ்தாபம். ஆகவே இரண்டையும் குடிப்போம். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் குறைந்ததற்கு ஊர்க்கவலை மட்டும் காரணமில்லை.

முதல் வேலை, கடைகளின் முன்னால் வீதியை மறித்து நீண்டிருந்த கீற்றுச் சாய்ப்புகளைப் பிரிப்பது. எல்லோரும் சம்மதித்தார்கள். ஆனால் எதிர்க்கடைக்காரன் பிரிக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். கடைசியில் சின்னமாயன் யோசனைப்படி வண்டிக்காரர்கள் வீதியின் இரண்டு முனைகளிலும் நின்று ஒரே சமயத்தில் சாட்டையைச் சொடுக்கினார்கள். அந்தச் சத்தத்தையே சைகையாக வைத்து எல்லோரும் ஒன்றாகப் பிரிக்க, அத்தனை சாய்ப்பும் இறங்கின. பல வருஷங்களாக நிழலிலேயே இருந்த வீதியில் வெயில் வந்து விழுந்தது. ராவுத்தர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மாப்ளே, நம்ம வீதி இம்புட்டு அகலமா?" என்றார். கவுண்டர், "அகலந்தான் மாமா. ஒங்க கடைதான் சின்னதுன்னு இப்பத் தெரியுது" என்றார்.

வீதி அகலமானதும் நடுவில் இருந்த கிணறும் கல்தொட்டியும் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தன. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் பொதிமாடுகளும் வண்டிமாடுகளும் அந்தத் தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கும். நனைந்த மாட்டின் வாடையும் ஏலக்காய் மணமும் கலந்து அந்த இடத்தில் எப்போதும் ஒரு பாயச வாசனை. இன்றைக்கும் பாயசம் குடிக்கும்போது எனக்கு மாடு ஞாபகம் வரும். வீட்டில் இதற்கும் சிரிப்பார்கள்.

அந்தத் தொட்டியின் வாலில் ஒரு துளை இருந்தது. தூம்பு என்போம். கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்புகிற வண்டிக்காரன், தூம்பில் தண்ணீர் வழிகிறவரை நிறுத்தக்கூடாது. அது எழுதாத சட்டம். வழியாமல் நிறுத்தினால் மாட்டுக்குச் சீக்கு வரும் என்பார்கள். தூம்புக்குக் கீழே கீழத்தெருப் பெண்கள் குடம் வைத்துக் காத்திருப்பார்கள். அவர்கள் கிணற்றைத் தொடக்கூடாது. வீதியைக் கூட்டும் வீரம்மாவின் தெரு முழுவதும் குடித்தது மாடு குடித்து மிஞ்சி வழிந்த தண்ணீரைத்தான். எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் பார்த்தது தூம்படியில் இருந்த சேற்றை மட்டும். சேற்றில் கொசு, கொசுவில் காய்ச்சல் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். தொட்டியை எடுத்துவிட்டு அங்கே ஒரு விளக்குத்தூண் நிறுத்த வேண்டும் என்றேன். தூணின் அடியில் பதிக்க, பெயர் வெட்டிய கல்லும் தயார். நான்கு பெயர்களில் என்னுடையதற்குப் பின்னால் மட்டும் பி.ஏ. இருந்தது. கவுண்டரும் ராவுத்தரும் பார்க்கலாம் என்று இழுத்தார்கள். சின்னமாயன் ஒரேயடியாக மறுத்தான்.

வீரம்மா ஒருநாள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்ட நின்று கேட்டாள்: "தொட்டிய எடுக்கப் போறாகளாமே சாமி. நாங்க எங்கன போயி மொள்ளுறது?"

"ஊர் நன்மைக்காகச் செய்றோம்" என்றேன்.

"ஊருன்னா அதுல நாங்களும் உண்டுமா சாமி? சும்மா கேட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவ்வளவு படித்தவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

கமிட்டி முடிவு செய்யட்டும் என்று எனக்குப் பொறுமையில்லை. சந்தைக்கு முந்தின சாயங்காலம், பள்ளிவாசல் அறையில் அந்தத் தூளோடு வீதி வேலைக்கென்று வாங்கிப் பூட்டியிருந்த சிமென்டில் கொஞ்சம் எடுத்துக் குழைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தூம்பை அடைத்தேன். சேறு காய்ந்தால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் சந்தை. விடியும்போதே வண்டிகள் வந்துவிட்டன. வண்டிக்காரர்கள் இறைத்தார்கள். தூம்பு வழியவில்லை. வழியாமல் நிறுத்தக்கூடாதே! மேலும் இறைத்தார்கள். தொட்டி விளிம்பு வழிந்து நாலு பக்கமும் ஓடியது. ஒருவன் ஓய்ந்தால் அடுத்தவன் வாளியைப் பிடித்தான். "இன்னும் வழியலடா, இழு!" என்று ஒரே கூச்சல். சேற்றை ஒழிக்க நான் செய்த வேலையில் கடைவீதி நாற்றங்காலாகிவிட்டது. சாய்ப்பு இல்லாத கடைகளின் வாசலில் அடுக்கியிருந்த ராவுத்தரின் வேட்டிக் கட்டுகள் அடியிலிருந்து நனைந்தன. கவுண்டர் ஒற்றைச் செருப்போடு நின்று மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு மளிகைக்கடைக்காரர் கத்தினார்: "எல்லாம் இந்த வீரம்மா வேலை! குப்பையத் தள்ளித் தூம்ப அடைச்சுப்புட்டா. இனிமே இவ தெரு ஆளுக ஒருத்தரும் கடைவீதிக்குள்ள கால் வைக்கப்படாது!"

"நான் ஏஞ்சாமி அடைக்கப் போறேன்? அது நாங்க குடிக்கிற தண்ணியில்ல?" என்றாள் வீரம்மா. அது யார் காதிலும் ஏறவில்லை. சாயங்காலம் கமிட்டி கூடி முடிவு சொல்லும் என்றார்கள். பகல் முழுக்க அவள் காலிக்குடத்தோடு கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு சொல் எறிந்துவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல காலிக்குடங்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

கமிட்டி கூடியது. காப்பியும் வந்தது, தேயிலைத் தண்ணீரும் வந்தது. யாரும் தொடவில்லை. சின்னமாயன் கடப்பாறை நுனியில் பெயர்த்த ஒரு துண்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

"இது குப்பையில்ல. சிமிட்டி."

ஊரில் அப்போது சிமென்ட் இருந்தது ஒரே ஓர் அறையில். நான் எழுந்து, "நான்தான் அடைச்சேன்" என்றேன். மனச்சாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சாவி என் இடுப்பில் தொங்கியது என்பதே உண்மை.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஊரைவிட்டே போகவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ராவுத்தர்தான் முதலில் சிரித்தார். "ஏலே, பி.ஏ.! ஒன்னைய மெட்ராஸுல வேலைக்கு எடுக்காதது ஏன்னு இப்பத்தான வெளங்குது!" கவுண்டருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் இறகாகிவிட்டது. அந்த நிம்மதியை இப்போதும் நினைத்தால் மூச்சு இலேசாகிறது.

சின்னமாயன் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பள காலையிலருந்து நிக்கிறா" என்றான். "தூம்ப இப்பத் தொறக்கணும். இல்லேன்னா நாளைக்கு ஒரு வண்டி ஓடாது."

சிரிப்பு அடங்கியது. கடைவீதிக்குள் கால் வைக்கக்கூடாது என்ற பேச்சு அத்தோடு போயிற்று. தூம்பைத் திறந்தார்கள். பிறகு ராவுத்தர் ஒரு வார்த்தை சொன்னார்: "மாடு குடிச்ச மிச்சத்தக் குடிச்சா வாந்திபேதி வராம என்ன செய்யும்? அவுகளுக்குன்னு வேற ஒரு தொட்டி கட்டுவோம்." கவுண்டர் தாடையைத் தடவிக்கொண்டே, "கெணத்தத் தொடாம இருந்தாச் சரி" என்றார்.

கோயில் கல் கொடுத்தது. பள்ளிவாசல் கொத்தனாரை அனுப்பியது. வியாபாரிகள் பித்தளைக் குழாய் வாங்கிப் போட்டார்கள். தினமும் முதல் வாளியை மூடிபோட்ட அந்தத் தொட்டியில் ஊற்றுவதென்று வண்டிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வாசகசாலையின் பங்காக நான் சாந்து குழைத்தேன். குடம் வைக்க ஒரு பலகைக்கல் தேவைப்பட்டபோது, என் பெயர் வெட்டிய கல்லைக் குப்புறப் போட்டுப் பதிக்கச் சொன்னேன். மறு வருஷம் சுற்று ஊர்களில் வாந்திபேதி வந்தது. கீழத்தெருவில் வரவில்லை.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கிணற்றையே திறந்துவிட வேண்டும் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். வீரம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அவள் பல வருஷம் அந்த வீதியைக் கூட்டினாள். என்னைப் பார்த்தால், "தூம்பு வழியுது சாமி" என்பாள். கேலியா, தகவலா என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

இன்றைக்குக் கிணறு இல்லை. தூர்ந்துபோன இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன. மாட்டு வண்டி, பொதிமாடு, ஏலக்காய் வாசனை, இரண்டு தொட்டிகள், தூம்பு எதுவும் இல்லை. மற்றவை போனதில் வருத்தம் உண்டு. தூம்பு போனதில் இல்லை. குழாயடியில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே வரிசையில் நின்று ஒரே நெடியடிக்கும் தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையைக் கேட்கவே நான் சில நாள் காலையில் அந்தப் பக்கம் நடப்பதுண்டு.

நேற்று உடைந்த குழாயைத் தேடித் தோண்டியவர்கள் ஒரு பலகைக்கல்லைப் புரட்டினார்கள். மண்ணுக்குள் கிடந்ததால் எழுத்துகள் புதிதாக இருந்தன. பி.ஏ. நன்றாகவே தெரிந்தது.

"யாரு தாத்தா இது?" என்றான் கடப்பாறையோடு நின்ற பையன்.

"குடம் வைக்கிற கல்லுப்பா" என்றேன்.

உடைந்த குழாயில் பீறிட்ட தண்ணீரைப் பிடிக்க யாரோ ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்தாள். எந்தத் தெருவோ, எனக்குத் தெரியவில்லை. "தள்ளி நில்லுங்க பெருசு" என்று என்னை விலக்கிவிட்டு, குடத்தை அந்த எழுத்துகளின் மேலேயே வைத்தாள். நான் தள்ளி நின்றேன். குடம் நிறைந்து வழிந்தது.