வாசிக்கப்படாத பெயர்

அம்மா சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று குளோரியா முதலில் சொன்னது யோசித்துச் சொன்ன பொய் அல்ல. கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் புதிய பள்ளி, முதல் நாள். பக்கத்து நாற்காலியில் இருந்த புனிதா, "உங்கம்மா எங்க வேலை செய்றாங்க?" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாராவது ஒருவர் சிங்கப்பூருக்குப் போயிருப்பது அங்கே சகஜம். எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அம்மா மகதலேனா இறந்து அப்போது ஏழு மாதம். டெங்கிக் காய்ச்சல், ஐந்தே நாள். அப்பா மாரிஸ் போர்ட் கிள்ளானில் இருபது வருடம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். மகளுக்காக மாலையில் வீட்டில் இருக்க வேண்டுமென்று மேரு தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, வீட்டையும் மாற்றினார். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது இன்னொரு இழப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் பழைய பள்ளியில் அவளைக் கண்டதும் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். இங்கே யாரும் தாழ்த்தவில்லை.

"உங்கம்மாவ சாக்லெட் வாங்கிட்டு வரச் சொல்லு லா. கஞ்சம்!" என்று புனிதா சீண்டுவாள். குளோரியா சிரிப்பாள். பள்ளி நேரம் முழுவதும் மகதலேனா உயிரோடிருந்தாள்.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு வந்தது. அவர்கள் போகும் மாதா கோயிலில், பூசைக்கு முன் இறந்தவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வாசிக்கும்போது அந்தக் குடும்பம் மட்டும் எழுந்து நிற்கும். பாடகர் குழுவில் புனிதா இருந்தாள்.

"கோயில் ஆபீஸ்ல குடுத்துரும்மா. பேரு சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துக்க," என்று மாரிஸ் ஓர் உறையைக் கொடுத்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. குளோரியா அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று மாரிஸ் கறுப்புச் சட்டை அணிந்து, எழுவதற்குத் தயாராக முன்பெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து பெயர்கள் வாசித்தார்கள். ஐந்து குடும்பங்கள் எழுந்து அமர்ந்தன. பாட்டு தொடங்கிவிட்டது.

அவர் மகள் பக்கம் குனிந்தார். லோரி இரைச்சலில் அவருடைய வலது காது பாதி போயிருந்தது.

"அம்மா பேரு வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்கப்பா."

"ஐயோ. நான் எந்திரிக்கலையே."

பூசை முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

மறுவருடம் பெயர் வாசிக்கப்பட்டது. புனிதாவும் கேட்டாள். வெளியே வந்து, "சொல்லியிருக்கலாம்ல டி," என்றாள். அவ்வளவுதான். எதற்கு அஞ்சி குளோரியா அந்த உறையை மறைத்தாளோ, அது அந்த ஒரு வரியோடு முடிந்துவிட்டது.

மாரிஸுக்கு அது முடியவில்லை. மனைவியின் பெயர் வாசித்தபோது உட்கார்ந்திருந்தவன் என்று தன்னைப் பற்றி உறவினர்களிடம் இன்றும் சொல்கிறார். குளோரியாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. ஒவ்வொரு வருடமும் உறையை அவளே எழுதிக் கொடுக்கிறாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறாள். சொன்னால் அப்பாவின் குற்ற உணர்வு தீரும். ஆனால் அம்மாவின் பெயர் அன்று ஒலிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எது கொடியது என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

"கூப்பிட்டா தட்டி விடும்மா. அன்னிக்கு மாதிரி விட்டுறப் போறேன்," என்றார் இந்த வருடமும்.

முதல் பெயர் வாசிக்கப்பட்டது. அது வேறு யாருடையதோ. மாரிஸ் எழுந்து நின்றுவிட்டார்.

குளோரியாவும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றாள்.