கபடிக் களத்தில் நான் சொன்ன அந்த வார்த்தை

நான்கு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கபடி இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மைக் என் கையில்.

எங்கள் கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஏழெட்டுப் பேர், ஒரு கோழிப்பண்ணைக்காரர் கொடுத்த மேட்டுக்காட்டில் கல்லைப் பொறுக்கிப் போட்டு, கயிற்று வலை கட்டி வாலிபால் ஆட ஆரம்பித்ததுதான் எங்கள் கழகம். அப்புறம் கபடி வந்தது. பிறகு பெண் பிள்ளைகளுக்கு ஓட்டமும் எறிபந்தும். மாவட்டக் கோப்பைகள் வந்தன. மாநில அளவில் பதக்கம் வாங்கி, அதை வைத்தே போலீஸ், ராணுவம், ரயில்வே என்று வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நானும் வாலிபால் ஆடியவன்தான். ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தீவனக் கடை வைத்த பிறகு, ‘உனக்குத்தான் வாய் ஜாஸ்தியாச்சே’ என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் ஆட்டத்துக்கு முன்னால் கழக வரலாற்றையும் ஜெயித்தவர்கள் பட்டியலையும் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கைத்தட்டலில் எனக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுத்துத்தான் இருந்தது.

இறுதி ஆட்டத்தில் எதிர் அணி சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டிப் பையன்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்தான் பாக்கி. அவர்கள் ஒரு புள்ளி முன்னே. அதனால் நேரத்தைக் கடத்தப் பார்த்தார்கள். ஒருவர் முழங்கால் பட்டையைக் கழற்றி மாட்டினார். இன்னொருவர் தண்ணீர் கேட்டார். எங்கள் கூட்டத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எனக்கும்தான்.

அப்போது அவர்களுடைய ரைடர் ஒருவர் எங்கள் பக்கம் பாடி வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் பையன் ஒருவன் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து தடுத்தான். தோள் போய் அவர் நெஞ்சில் மோதியது. பெரிய அடியாகத் தெரியவில்லை. அவர் பிடியிலிருந்து விடுபட்டு, கோட்டைத் தொட்டு, எழுந்து இரண்டடி நடந்தார். பிறகு அப்படியே மல்லாக்க விழுந்தார். விழுந்தவருடைய கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாய் திறந்து மூடியது.

நான் சட்டென்று மைக்கில் சொன்னேன்: “சேலத்துத் தம்பி, நடிப்பெல்லாம் போதுமுங்க சாமி! கபடி ஆட வந்தீங்களா, கூத்துக் கட்ட வந்தீங்களா?”

மைதானமே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பத்து, பதினைந்து நொடி போயிருக்கும். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. அவர் அணிக்காரர்கள்கூட, நேரம் கடத்தத்தான் படுத்திருக்கிறான் என்று இடுப்பில் கை வைத்து நின்றார்கள். முதலில் குனிந்து பார்த்தவன், அவர்மேல் மோதிய எங்கள் பையன்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏனுங்க, இவருக்கு மூச்சே இல்லீங்க!”

சிரிப்பு அறுந்துபோனது. கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. ‘காக்கா வலிப்பு, சாவியைக் குடுங்கப்பா’ என்று நாலைந்து பேர் வண்டிச் சாவியை அவர் கையில் திணித்தார்கள். ஒருவர் சோடா பாட்டிலை வாயருகே கொண்டுபோனார். நான் மைக்கைப் பிடித்தபடியே உள்ளே ஓடினேன். நல்லவேளை, நீள வயர். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுடிதார் போட்ட ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். சோடா பாட்டிலைத் தட்டிவிட்டாள். “தண்ணி ஊத்தாதீங்க! இது வலிப்பு இல்லீங்க, நெஞ்சு நின்னு போச்சு. நான் நர்ஸுங்க, தள்ளுங்க!” என்று சொல்லிக்கொண்டே மண்டி போட்டு, இரண்டு கையையும் கோர்த்து அவர் நடு நெஞ்சில் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். எங்கள் கழகத் தலைவர் அதற்குள் 108-க்குப் போன் போட்டுவிட்டார்.

அவள் தலையைத் தூக்காமலே என்னிடம் சொன்னாள்: “அண்ணா, மைக்குல எண்ணுங்க. நான் அமுக்கற வேகத்துக்கு எண்ணுங்க. முப்பது வந்தா மறுபடி ஒண்ணுல இருந்து. நிறுத்திறாதீங்க.”

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் குரல் நான்கு பக்கத்து ஒலிபெருக்கியிலும் நடுங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முப்பதுக்கும் அவள் அவருடைய தலையைச் சாய்த்து, வாயில் வாய் வைத்து இரண்டு முறை ஊதினாள். மறுபடி ஒன்று. அவள் கை ஓய்ந்தபோது எங்கள் வாலிபால் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கையை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்று நாலு வார்த்தையில் சொல்லிக்கொடுத்தாள். மாற்றி மாற்றி அமுக்கினார்கள். அந்தத் தம்பியிடம் ஓர் அசைவும் இல்லை. கண் பாதி திறந்தபடி இருந்தது.

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அப்போதுதான் இன்னொரு பயம் வந்தது. மைதானத்துக்கு வருகிற ஒரே மண்பாதையில் இரண்டு பக்கமும் பைக்குகள். நடுவில் ஒரு டெம்போ. மைக்கில் எண்ணினால் வழியை ஒதுக்கச் சொல்ல முடியாது. வழியை ஒதுக்கச் சொன்னால் எண்ண முடியாது. ஒரு நொடி திணறிப்போனேன்.

“எல்லாரும் எண்ணுங்க!” என்று கத்தினேன். “சாமி, எல்லாரும் சேந்து எண்ணுங்க!”

எண்ணினார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சேலத்துக்காரர்களும் ஒரே குரலில் எண்ணினார்கள். நான் பாதையில் நின்றவர்களை விரட்டினேன். பூட்டின பைக்குகளைப் பூட்டோடு தூக்கிச் சோளக்காட்டில் வைத்தார்கள். டெம்போக்காரரைக் காணோம், பத்துப் பேர் சேர்ந்து அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் களத்தின் நடுவிலேயே வந்து நின்றது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஒரு பெட்டியைத் திறந்து நெஞ்சில் இரண்டு அட்டை ஒட்டி ஷாக் கொடுத்தார்கள். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார்கள். இரண்டாவது ஷாக். நர்ஸ் பெண் கழுத்தில் விரல் வைத்துக் காத்திருந்தாள்.

“வருது,” என்றாள். “நாடி வருதுங்க.”

வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போனதும் அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து, எந்த ஊரம்மா என்று கேட்டேன். “நம்ம கிளப்புதானுங்க அண்ணா. நானூறு மீட்டர் ஓடிட்டு இருந்தேன். அப்பவும் நீங்கதான் மைக்கு,” என்றாள். சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்து, இப்போது அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையாம். பதக்கம் எதுவும் வாங்காததால் நான் வாசித்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. எனக்கு முகமே ஞாபகமில்லை. அதை அவள் ஒரு குறையாகவும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து சேலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், கண் விழித்துவிட்டார் என்று சேதி வந்தது. என்றாலும் நான் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. எட்டாவது நாள் பஸ் ஏறிச் சேலம் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன்.

அந்தத் தம்பி தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரைடுக்குப் போனதுவரைதான் அவருக்கு ஞாபகம். நெஞ்சில் படுகிற சின்ன அடிகூடச் சில நேரம் இதயத்தை நிறுத்திவிடும் என்று டாக்டர் சொன்னாராம். பக்கத்தில் அவருடைய அப்பா. தறி ஓட்டுகிறவர். அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன், அன்றைக்கு மைக்கில் கேலி பேசியது நான்தான் என்று. அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

“நானும் அங்கதானுங்க நின்னேன், கயித்துக்கு அந்தப் பக்கம். நீங்க சொன்னதும் நானுந்தானுங்க சிரிச்சேன். நம்ம பையன் குறும்பு பண்றான்னு நெனச்சேன். அதை இவங்க அம்மாகிட்டக்கூட நான் சொல்லல.”

இருவரும் வெகுநேரம் அந்த வராந்தாவிலேயே நின்றிருந்தோம்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறார். கபடி ஆடுவதில்லை, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் கழகத்தில் சேருகிற ஒவ்வொருவருக்கும் நெஞ்சு அமுக்க அந்த நர்ஸ் தங்கைதான் வந்து கற்றுத்தருகிறாள். மைக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் களத்தில் யாராவது விழுந்தால் நான் முதலில் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன், பிறகுதான் வாயைத் திறக்கிறேன். உயிருக்குப் போராடும் மகனைப் பார்த்துப் பெற்ற தகப்பனையே சிரிக்க வைத்த பேச்சு என்னுடையது என்பதை எந்தக் கைத்தட்டலும் எனக்கு மறக்கடிக்கவில்லை.